மலையை மூடிவிடுவார்களா?

அன்புள்ள ஐயா,

கோபன்ஹேகன் குப்பைமலை பற்றி, அதாவது கூரையே மலையாக இருக்கும் குப்பை எரிக்கும் ஆலை பற்றி, நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ஆறு வருடமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். வீடு அமாகர் தீவில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த ஆலையின் புகைபோக்கி தெரியும். அதனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததுபோல ஆவலாகப் படித்தேன்.

படித்து முடித்ததும் ஒரு நெருடல். குப்பையை எரித்து மின்சாரமும் வெந்நீரும் எடுக்கும் ஆலையின் கூரைமேல் பனிச்சறுக்கு விளையாடும் தளமும் நடைபாதையும் அமைத்து, பக்கச் சுவரை ஏறி விளையாடும் சுவராக்கி, எல்லாவற்றையும் ஊருக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தன் குப்பையை ஒளித்துவைக்காத நகரம் இது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒளித்துவைக்க இதைவிட நல்ல இடம் உண்டா? மேலே விளையாட்டு, காபி, கடல் காற்று. கீழே என்ன எரிகிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்? என் கணவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "எரிக்கவில்லை என்றால் புதைக்க வேண்டும், அது இன்னும் மோசம்" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மேலே நடந்தேன். ஏழு வயது. பள்ளியில் குப்பையைக் குறைப்பது பற்றிப் பாடம் நடக்கிறது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, எல்லாரும் குப்பை போடுறதை நிறுத்திட்டா இந்த மலையை மூடிடுவாங்களா?" என்று கேட்டாள். குப்பை தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு குழந்தை கவலைப்படுகிறது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "வா, மேலே போய்ப் பார்க்கலாம்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அன்புடன்,
ச., கோபன்ஹேகன்

*

அன்புள்ள ச.,

உங்கள் மகளின் கேள்வியைத்தான் கோபன்ஹேகன் நகரமன்றம் பத்து வருடத்துக்கு மேலாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. பெரியவர்கள் அதை டன் கணக்கிலும் கடன் கணக்கிலும் கேட்டார்கள். அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

என் கட்டுரையில் கூரையைப் பற்றி நிறைய எழுதி, உலையைப் பற்றிக் குறைவாக எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அது தெரிந்தது. அந்தக் குறையை இங்கே சரிசெய்யப் பார்க்கிறேன்.

முதலில் உங்கள் கணவரின் பக்கம். எரிப்பது டென்மார்க்கில் நேற்று வந்த பழக்கம் இல்லை. 1903இல் ஃபிரெடரிக்ஸ்பெர்கில் முதல் குப்பை உலையைக் கட்டினார்கள். அந்த ஊரைச் சுற்றி நாலாபக்கமும் கோபன்ஹேகன். மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்தது, குப்பையைக் கொட்ட நிலம் இல்லை. எரிப்பது என்று முடிவானதும், அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று குழாய் போட்டு, புதிதாகக் கட்டிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டென்மார்க்கில் ஊர் முழுக்கப் பூமிக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதே, அதன் ஆரம்பம் இதுதான். உங்கள் வீட்டு ரேடியேட்டரில் கை வைத்தால் சுடுகிறது அல்லவா, அந்தச் சூட்டுக்கு நூற்றிருபது வருடத்துக்கு மேல் வயது.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இறக்குமதி எண்ணெயை நம்பி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போடும் அளவுக்கு நிலைமை போயிற்று. அந்த அடி அவர்களுக்கு மறக்கவில்லை. 1979இல் வெப்ப வழங்கல் சட்டம் வந்தது. மின் நிலையத்தில் வீணாகும் சூடு, குப்பை உலையில் கிடைக்கும் சூடு எல்லாவற்றையும் வீடுகளுக்குக் கொண்டுபோவது நாட்டின் கொள்கையாயிற்று. இன்று கோபன்ஹேகனில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளும் அந்தக் குழாயில்தான் குளிர் காய்கின்றன. 1997இல் இன்னொரு கதவையும் அடைத்தார்கள்: எரியக்கூடிய குப்பையை மண்ணில் புதைக்கக் கூடாது என்று தடை. புதைத்த குப்பை மக்கும்போது மீத்தேன் வரும். கார்பன் டை ஆக்சைடைவிடப் பலமடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. ஆக, உங்கள் கணவர் சொல்வது சரி. புதைப்பதோடு ஒப்பிட்டால் எரிப்பது மேல். ஆனால் புதைப்பதோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் எரிப்பது என்றைக்கும் மேலாகத்தான் தெரியும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நான் அந்த மலைக்குப் போனது ஒரு செப்டம்பர் மாலையில். தூரத்திலிருந்து பார்த்தபோது மலை மாதிரியும் இல்லை, கட்டடம் மாதிரியும் இல்லை. வெள்ளி நிறத்தில் ஏதோ ஒன்று சாய்ந்து படுத்திருந்தது. கிட்டப் போனதும் சுவர் முழுக்கப் பெரிய பெரிய அலுமினியப் பெட்டிகளைச் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி அடுக்கியிருப்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் நீளம். நடுவே ஜன்னல்கள். அதே சுவரின் ஒரு பக்கத்தில் 85 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பிடிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பாதி உயரத்தில் ஒரு பெண் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டு, ஒரு காலை மெல்ல நகர்த்தி அடுத்த பிடியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் கை பற்றியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் கொதிகலன்.

நடைபாதையில் ஏறினேன். பைன் மரங்கள், வில்லோ, இடுப்பளவு புல், காட்டுப்பூக்கள். 300 மரங்களும் 7000 புதர்ச்செடிகளும் வைத்ததாகத் தோட்டம் அமைத்த எஸ்.எல்.ஏ. நிறுவனம் சொல்கிறது. கீழே எந்த நேரமும் உலை; மேலே கடல் காற்று அறைகிறது; மண் ஆழமும் அதிகம் கிடையாது. அங்கே எது பிழைக்கும் என்று பார்த்துப் பார்த்து நட்டிருக்கிறார்கள். சறுக்குத் தளத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். பனி இல்லை. பச்சை நிறத்தில் குட்டிக் குட்டித் தூரிகைகளை நிறுத்திவைத்ததுபோலப் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் ஓட்டைகள் வழியாக நிஜப் புல் முளைத்து எட்டிப் பார்க்கிறது. எது விரிப்பு, எது புல் என்று விரலுக்குத்தான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சிறுவன் தடுமாறி விழுந்து, எழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு மறுபடி சறுக்கினான்.

உச்சியில் ஒரு பக்கம் மிடில்குருண்டன் காற்றாலைகள், கடலில் வில்போல வளைந்து நிற்கும் இருபது கம்பங்கள். அதற்கு அப்பால் ஸ்வீடன் கரை. மறுபக்கம் திரும்பினால் ஊர்க் கோபுரங்கள். ராஜ குடும்பத்தின் அமாலியன்போர்க் அரண்மனை இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கிறது. குப்பை ஆலையை அரண்மனைக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்த இன்னொரு தலைநகரத்தை எனக்குத் தெரியாது. நான் அந்த ஊரைப் பாராட்டியது இதற்காகத்தான். பாராட்டை இப்போதும் திரும்பப் பெறமாட்டேன்.

இறங்கும்போது லிப்டில் வந்தேன். அங்கேதான் எனக்கு அந்த இடம் புரிந்தது. லிப்டுக்குக் கண்ணாடி. கதவு மூடியதும் பூவும் புல்லும் மறைந்துவிட, மாடி மாடியாக ஆலையின் வயிறு மேலே போகத் தொடங்கியது. ஆள் நுழையும் பருமனில் குழாய்கள், வெள்ளிக் காப்புறை போர்த்திய தொட்டிகள், இரும்புப் படிகள், மஞ்சள் கைப்பிடிகள். மனிதர் யாரையும் காணோம். என்னோடு வந்த இரண்டு இளைஞர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மாள் மட்டும் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தபடி வந்தார். நீங்கள் "ஒளித்துவைக்கிறார்கள்" என்று எழுதியதைப் படித்ததும் அந்த அம்மாள்தான் நினைவுக்கு வந்தார். பார்க்கிறவருக்கு அங்கே எல்லாம் தெரிகிறது. ஆனால் பார்க்காமல் போகவும் அங்கே நிறைய வசதி இருக்கிறது. நீங்கள் சொல்வதில் பாதி சரி என்று இதனால்தான் சொல்கிறேன்.

அலங்காரம் வேறு, திறந்துவிடுவது வேறு. வியன்னாவில் ஸ்பிட்டலாவ் குப்பை ஆலை 1987இல் தீப்பிடித்தது. அதைத் திரும்பக் கட்டியபோது ஓவியர் ஹுண்டர்ட்வாசர் வெளிப்புறம் முழுக்க வண்ணம் பூசி, புகைபோக்கியில் தங்க நிற உருண்டை வைத்தார். பார்க்க அழகு. ஆனால் அது சுவரின் அழகு, வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவதற்கு. ஹிரோஷிமாவில் 2004இல் யோஷியோ தனிகுச்சி கட்டிய ஆலை வேறு வகை. ஊரிலிருந்து கடலுக்குப் போகும் தெரு ஆலையின் நடுவே கண்ணாடி நடைபாதையாக நீள்கிறது, இரு பக்கமும் இயந்திரங்கள். கடலைப் பார்க்கப் போகிறவர் ஆலையைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். கோபன்ஹேகன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் ஹிரோஷிமா பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பது என் ஆசை.

சரி, உலைக்கு வருகிறேன்.

லாரிகள் கொட்டும் இடம் ஒரு பெரிய பள்ளம். மேலே பாரந்தூக்கி, அதன் நுனியில் ராட்சத நகம். அந்த நகம் குப்பையை அள்ளி உடனே உலையில் போடுவதில்லை. அள்ளி, தூக்கி, வேறு இடத்தில் உதறும். மறுபடி அள்ளும், மறுபடி உதறும். ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் கலந்தால்தான் தீ ஒரே சீராக எரியும், அதற்காக. பிசைந்த மாவைப் போல அது பதத்துக்கு வந்த பிறகுதான் உலைக்குப் போகிறது. எரிந்து வரும் வாயு குறைந்தது இரண்டு நொடியாவது 850 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. டையாக்சின் போன்ற நச்சுகள் சிதைவதற்காக அந்த விதி. அந்தச் சூட்டில் கொதிக்கும் நீராவி 440 டிகிரியில் டர்பைனைச் சுற்றுகிறது. மின்சாரம் எடுத்தது போக மிச்சச் சூடு ஊர்க் குழாய்க்கு. புகையைக் கழுவி, வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வினையூக்கி வைத்துக் குறைத்து, புகையில் இருக்கும் ஈரத்தைக்கூடக் குளிரவைத்து அதன் சூட்டையும் உறிஞ்சிவிடுகிறார்கள். எரித்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கசடாக மிஞ்சும். அதிலிருந்து இரும்பு, அலுமினியம் எல்லாம் பிரித்த பிறகு சாலைக்கு அடிப்பரப்பாகப் போகிறது. வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பல்தான் ஆபத்தானது, அதைத் தனியாகக் கையாள வேண்டும். இந்த வேலைகளையெல்லாம் அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். உங்கள் சமையலறை ஜன்னலைப் பயமில்லாமல் திறக்கலாம் என்றே நினைக்கிறேன்.

என் மனத்தாங்கல் அளவைப் பற்றியது.

இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் மணிக்கு 35 டன். ஆண்டுக்கு 5,60,000 டன் வரை எரிக்கலாம். பழைய ஆலை 1970இல் வந்தது. அதன் இடத்தில் புதியது வேண்டும் என்பதில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐந்து நகராட்சிகளுக்குச் சொந்தமான ஏ.ஆர்.சி. நிறுவனம் இவ்வளவு பெரிதாகக் கட்டப்போகிறேன் என்றபோதுதான் சண்டை வந்தது. இவ்வளவு குப்பைக்கு எங்கே போவது, நாம்தான் குப்பையைக் குறைக்கப்போகிறோமே என்று கேட்டார்கள். கடனுக்கு உத்தரவாதம் தர கோபன்ஹேகன் நகராட்சி முதலில் தயங்கியது. 2012இல் சமரசம் ஆயிற்று. எரிக்கும் அளவுக்கு வரம்பு, வெளிநாட்டுக் குப்பை வேண்டாம் என்று நிபந்தனைகள். கிட்டத்தட்ட 400 கோடி க்ரோனர் செலவு. 2017இல் உலை எரியத் தொடங்கியது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே கணக்கு உதைத்துவிட்டது. உள்ளூர்க் குப்பை போதவில்லை, கடன் காத்திருக்காது. நிபந்தனைகள் தளர்ந்தன. பிரிட்டனிலிருந்தெல்லாம் குப்பை கப்பலேறி வந்தது.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ச. உலையின் இயல்பு அப்படி. அது பாதி வயிற்றோடு இருக்காது. கட்டிய நாள் முதல் இருபது, முப்பது வருடத்துக்குக் கடனை அடைக்க வேண்டும். கடனை அடைக்கச் சூடு விற்க வேண்டும். சூடு விற்கக் குப்பை வேண்டும். ஊர் திருந்திக் குப்பையைக் குறைத்தால் உலைக்கு நஷ்டம். உங்கள் மகள் ஏற்றத்தில் நின்று உணர்ந்தது இந்த முடிச்சைத்தான். அவளுக்கு அது கவலை. ஐந்து நகராட்சிகளுக்கு அது வரவு செலவு.

அதற்கு மேல் இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்கு அதிகமாகக் குப்பை போடும் நாடுகளில் டென்மார்க் முன்வரிசையில் இருக்கிறது. 2020இல் ஆளுக்கு 845 கிலோ. ஒன்றியத்தின் சராசரி அதைவிட மிகவும் கீழே. ஒவ்வொரு நாடும் குப்பையைக் கணக்கிடும் முறையில் வித்தியாசம் உண்டு என்பார்கள், உண்மைதான். ஆனால் அவ்வளவு வித்தியாசத்தையும் கணக்குமுறைமேல் போட்டுவிட முடியாது. காற்றாலை, சைக்கிள், சுத்தமான துறைமுகம் என்று எத்தனையோ விஷயத்தில் முன்னால் நிற்கிற நாடு, வாங்கி வீசுவதில் இப்படி. எரித்தால் சூடு கிடைக்கிறது என்ற நிம்மதிக்கு இதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். வீட்டில் பையைக் கட்டி வெளியே வைக்கும்போது, இது வீணாகப் போகவில்லை, யாரோ ஒருவர் வீட்டுக்கு வெந்நீர் ஆகிறது என்று தோன்றினால் கை லேசாகிவிடும்.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெய்தான், நடுவில் கொஞ்ச நாள் தயிர்க் கோப்பையாக இருந்தது. அதை எரிப்பது எண்ணெயை எரிப்பதுதான். காகிதமும் உணவுக்கழிவும் எரியும்போது வரும் கார்பனைச் செடிகள் காற்றிலிருந்து எடுத்ததுதான் என்று தள்ளிவிடலாம். பிளாஸ்டிக் விஷயத்தில் அப்படித் தள்ள முடியாது. இதை அவர்களும் உணர்ந்துவிட்டார்கள். 2020 ஜூனில் டென்மார்க் நாடாளுமன்றக் கட்சிகள் ஓர் ஒப்பந்தம் செய்தன: நாட்டின் எரிக்கும் திறனை 30 சதவீதம் குறைப்பது, 2030க்குள் உலைக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்தைத் தடுப்பது, நாடு முழுக்க வீட்டுக் குப்பையை ஒரே மாதிரி பத்து வகையாகப் பிரிப்பது. உங்கள் கட்டடத்தின் பின்புறம் வரிசையாகத் தொட்டிகள் வந்திருக்குமே, அது இதனால்தான். உங்கள் மகளின் பள்ளிப் பாடமும் அநேகமாக இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயத்தைச் சொல்கிறேன். முதல் கட்டுரையில் இதை எழுதாமல் விட்டது தவறு.

கட்டடக் கலைஞர் பியார்க்கே இங்கெல்ஸின் பிக் நிறுவனம் போட்டியில் வென்றபோது கொடுத்த வரைபடத்தில், புகைபோக்கி வளையம் விடும். ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போதும் ஒரு பெரிய நீராவி வளையம் புகைபோக்கியிலிருந்து கிளம்பி வானத்தில் மிதக்கும். இரவில் அதன்மேல் ஒளியும் பாய்ச்சுவார்கள். ஊரில் யாரும் நிமிர்ந்து பார்த்து எண்ணலாம். பெர்லினைச் சேர்ந்த ரியாலிட்டீஸ் யுனைடெட் என்ற கலைக்குழுவின் யோசனை அது. சோதனையெல்லாம் செய்து பார்த்தார்கள். கடைசியில் அது வரவில்லை.

சறுக்குத் தளம் வந்தது, ஏறும் சுவர் வந்தது, காபிக் கடை வந்தது. எண்ணிக்காட்டும் வளையம் மட்டும் வரவில்லை. என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்திலேயே உண்மையான பகுதி அதுதான். ஆண்டுக்கு 5 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நிலத்துக்கடியில் சேர்க்க வேண்டும் என்று ஏ.ஆர்.சி.யே பின்னால் இலக்கு வைத்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு டன் வருகிறது. அதாவது நிமிடத்துக்கு ஒரு வளையம். நீங்கள் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருபது வளையம் போயிருக்கும். அப்படி இருந்திருந்தால் "ஒளித்துவைக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் மகளும் வேறு கேள்வி கேட்டிருப்பாள். "இன்னைக்கு ஏன் இவ்வளவு வளையம்?" என்று கேட்டிருப்பாள்.

உலையை இவ்வளவு பெரிதாகக் கட்டியதற்கு ஊர் கொடுத்த விலையும் கொஞ்சம் இருக்கிறது. 2025க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகரம், அதாவது வெளிவிடும் கார்பனை முழுக்க ஈடுகட்டிவிடும் தலைநகரம், ஆவோம் என்று கோபன்ஹேகன் 2012இல் அறிவித்தது. உலகம் முழுக்கப் பேசினார்கள். 2022 ஆகஸ்டில் அந்தத் தேதியைக் கைவிட வேண்டியதாயிற்று. காரணம் இந்த உலைதான். இதன் கார்பனைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கணக்குப் போட்டிருந்தார்கள். அதற்கான அரசு நிதிக்கு ஏ.ஆர்.சி. தகுதி பெறவில்லை, நிறுவனத்தின் சொந்த மூலதனம் விதிக்குப் போதவில்லை என்று ஆயிற்று. அதற்கு முந்தைய வருடம்தான் அந்தக் கட்டடம் உலகக் கட்டடக் கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாகப் பரிசு வாங்கியிருந்தது. பரிசு கூரைக்குக் கிடைத்தது, சறுக்கல் உலையால் வந்தது. கடன் சுமக்கும் ஆலை தன் புகையைப் பிடிக்கவும் கடன் வாங்க வேண்டிய நிலை. கொஞ்சம் சின்னதாகக் கட்டியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் இதற்காகக் கூரையைக் குறை சொல்ல மாட்டேன். இங்கேதான் உங்களோடு வேறுபடுகிறேன். நீங்கள் கூரையைச் சந்தேகிக்கிறீர்கள், நான் உலையின் அளவைச் சந்தேகிக்கிறேன். டென்மார்க்கின் மிக உயரமான இயற்கை மேடே 171 மீட்டர்தான். தட்டையான அந்த ஊரில் எண்பத்தைந்து மீட்டர் ஏறிக் காற்று வாங்க ஓர் இடம் கிடைத்தது சாதாரண விஷயம் இல்லை. நடந்து ஏறக் கட்டணம் கிடையாது. நான் பார்த்தபோது தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர், ஊன்றுகோலோடு ஒருவர், ஓடிக்கொண்டே ஏறும் நாலைந்து பேர். கேலிக்காகவோ விளம்பரத்துக்காகவோ அவர்கள் அங்கே வரவில்லை. அவர்களுக்கு அது மலைதான். கரியும் நாற்றமும் உள்ள இடத்தை வேலிபோட்டு ஏழைகளின் தெருக்கோடியில் தள்ளிவிடும் வழக்கம் உலகமெங்கும் இருக்கிறது. இந்த ஊர் அதைச் செய்யவில்லை. அந்த நல்ல காரியத்தை உலையின் கணக்கோடு சேர்த்துத் தள்ளுபடி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், கூரைக்கும் உலைக்கும் உள்ள பிணைப்பு நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமானதும் இல்லை. 2017இல் உலை எரிந்தது. கூரை திறந்தது 2019 அக்டோபரில். இரண்டு வருடத்துக்கும் மேல் மலை இல்லாமலேயே உலை ஓடியது. அப்படியென்றால் உலை இல்லாமலும் மலை இருக்கலாம். சறுக்குத் தளம் நிற்பது இரும்புத் தூண்களின்மேல், நெருப்பின்மேல் இல்லை. முதலில் ஓர் உலையை அணைக்கலாம். பின்னால், எப்போதோ ஒரு நாள், அடுத்ததையும். அந்தக் கூடத்தில் வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாம். பைன் மரங்களுக்கு அடிச்சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பயம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரே நேசிக்கும் ஆலையை மூட ஊருக்கு மனம் வருமா? "நம்ம மலை" ஆகிவிட்ட பிறகு, அதன் அடியில் ஓர் உலையைக் குறைப்போம் என்று மன்றத்தில் ஒருவர் எழுந்தால் மலையையே மூடப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பாதா? ஏழு வயதுக் குழந்தைக்கே அந்தக் கலக்கம் வந்துவிட்டதே. அதனால்தான் அவளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

அவளிடம் இப்படிச் சொல்லுங்கள். மூட மாட்டார்கள். மலை வேறு, அடுப்பு வேறு. குப்பை குறையக் குறைய அடுப்பைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். மலை அப்படியே இருக்கும், நீ பெரியவளாகி வந்து சறுக்கலாம்.

அவள் நம்பாவிட்டால் அடுத்த முறை இறங்கும்போது நடக்க வேண்டாம், லிப்டில் வாருங்கள். அவளைக் கண்ணாடிப் பக்கம் நிற்கவையுங்கள். உலை இரண்டு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவளே பார்த்து, வீட்டுக்கு வந்ததும் வரையட்டும். மேலே பச்சை, கீழே குழாய், புகைபோக்கி, அதன்மேல் அவளுக்குப் பிடித்த அளவில் வளையங்கள். படத்தை எனக்கு அனுப்ப முடிந்தால் மகிழ்வேன்.

அன்புடன்.